மாமியின் ஏழு மணி ஸ்கேன்

ஒரே வெப்சைட்டுக்கு, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்டிங் ஃப்ரேம்வொர்க்கை நாலு முறை மாற்றியவள் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். முதலில் மோக்கா. அது பழசாம், ஜெஸ்டுக்குப் போனோம். பக்கங்களை பிரவுசரில் ஓட்டிப் பார்க்க சைப்ரஸ் வந்தது. அது கை பழகுவதற்குள் பிளேரைட். போன குளிர்காலத்தில் எங்கள் டீம் லீட் எதையோ படித்துவிட்டு வந்து, ஜெஸ்ட் மெதுவாக ஓடுகிறது, எல்லாவற்றையும் வீடெஸ்டுக்கு மாற்று என்றார். வெள்ளிக்கிழமைக்குள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ளயா?" என்றேன்.

"ஹோயே ஜாபே" என்றார். பெங்காலியில் ஆகிவிடும் என்று அர்த்தம். யாரால் ஆகும் என்பதை மட்டும் அவர் சொல்லவே மாட்டார்.

அந்த வெப்சைட் பவானிபூரில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியுடையது. டாக்டரைப் பார்க்கவும் ஸ்கேன் எடுக்கவும் ஜனங்கள் அதில்தான் நேரம் பதிவு செய்வார்கள். டாலிகஞ்சில் எங்கள் கீழ் வீட்டு மாமிக்கு இரண்டு மாதமாக வயிற்று வலி. ஸ்கேன் பார்த்தால்தான் என்னவென்று தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெறும் வயிற்றோடு வர வேண்டும். மாமிக்குச் சர்க்கரை வேறு.

எங்கள் டெஸ்டுகளில் பாதி ஸ்னாப்ஷாட் வகை. பக்கம் எப்படி இருந்தது என்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை ஓட்டும்போது ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சிவப்பு. மாறியதுதான் சரி என்றால் 'யூ' என்ற எழுத்தைத் தட்ட வேண்டும். புதிய நகலே சரியான நகலாகிவிடும், எல்லாம் பச்சை. தட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. நாங்கள் அதை எத்தனை தடவை மதித்தோம் என்று கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு. முதல் பத்தைப் படித்தேன். ஜெஸ்ட் மேற்கோள் குறியை ஒரு மாதிரி எழுதினால் வீடெஸ்ட் வேறு மாதிரி எழுதித் தொலைக்கிறது, அவ்வளவுதான். அடுத்த பத்தும் அதே கண்றாவி. இதற்கா நான் உட்கார்ந்து சாகிறேன்? போடா சனியனே என்று யூவைத் தட்டினேன். அத்தனையும் பச்சை. டீம் லீட் குரூப்பில் ரசகுல்லா படம் போட்டார். அன்றைக்கே சைட்டில் ஏற்றிவிட்டோம்.

மறுநாள் காலை மாமி போனோடு மாடி ஏறி வந்தார். நான் லேப்டாப்பில் அடுத்த வேலையில் இருந்தேன்.

"ஏன்டி, திங்கக்கிழமை ஸ்கேன் ஏழு மணின்னு காட்டறது. அந்த டாக்டர் மத்தியானம்தான் வருவார்னாளே?"

"சைட்ல என்ன போட்டிருக்கோ அதான் மாமி சரி. டெஸ்ட் பண்ணாமலா விடுவோம்?"

தலையை நிமிர்த்தக்கூட இல்லை நான்.

"நீ சொன்னா சரிதான்டி, ஷோனா" என்று பெங்காலியில் செல்லமாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை பத்தரைக்கு மாமா போன் செய்தார். "ஆஸ்பத்திரில மாமி மயங்கி விழுந்துட்டா. சீக்கிரம் வா" என்றார். லேப்டாப் பையோடு ஆட்டோ பிடித்து ஓடினேன். ஏழு மணி ஸ்கேன்தானே, முடிந்ததும் சாப்பிட்டுவிடலாம் என்று மாமி ஆறு மணிக்கே சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டாராம். ஆஸ்பத்திரி கவுண்டரில் அவர் பெயருக்கு நேரே பன்னிரண்டரை என்று இருந்திருக்கிறது. ஸ்கேன் கெட்டுவிடும் என்று பயந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது.

பன்னிரண்டரை, ஏழு. ஐந்தரை மணி நேர வித்தியாசம். நம் ஊர் நேரத்தைக் காட்டு என்று சர்வருக்குச் சொல்லும் ஒரு வரியை, பழைய ஜெஸ்ட் குப்பை என்று நினைத்து நான்தான் அழித்திருந்தேன். சைட் லண்டன் நேரத்தைக் காட்டியிருக்கிறது. படிக்காமல் தட்டிய சிவப்புகளில் ஒன்று அதைத்தான் சொல்லியிருக்கிறது.

எமர்ஜென்சி வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பப் போட்டு ஏற்றினேன். இரண்டு முறை தப்பாக அடித்தேன். பிறகு உள்ளே போனேன். மாமி கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. இனி இன்றைக்கு ஸ்கேன் கிடையாது, அடுத்த தேதி எட்டு நாள் கழித்துத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த எட்டு நாளும் அவருக்கு வலிதான்.

மாமி போனைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருடி, பன்னண்டரைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நான்தான் ஏழுன்னு படிச்சுத் தொலைச்சிருக்கேன். இந்தக் கண்ணாடி போறலை. உன்கிட்ட வேற வந்து தப்பாச் சொல்லி... மாமாகிட்ட சொல்லிடாதே, கத்துவார்."

வாயைத் திறந்தேன். நான்தான் மாமி என்று சொல்லத்தான் திறந்தேன்.

"ஆமா மாமி, ஒருதரம் கண்ணைக் காட்டிடலாம்" என்றேன்.

அந்த வாரமே நானே கூட்டிப் போனேன். பழைய கண்ணாடியே சரியாக இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று கண் டாக்டர் இரண்டு முறை சொன்னார். மாமி நம்பவில்லை. "இவளுக்குத் தெரியும், கேளுங்கோ" என்று என்னைக் காட்டினார்.