விற்கத் தெரியாத புரோக்கர்

அந்த வட்டாரத்தில் அவளுக்கு மீட்டரக்கா என்றுதான் பேர். தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதும் வேலை, இருபத்து நாலு வருஷமாக. இரும்பு மூடியைத் தூக்க ஒரு கொக்கி, கண்ணாடியைத் துடைக்க ஒரு கந்தல், ஒரு டார்ச். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. வயது ஐம்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இறந்த வருஷமே அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் படுக்கை. அண்ணன் ஒரு ஊரில், தங்கை இன்னொரு ஊரில். வருஷத்துக்கு ஒரு தடவை பழங்களோடு வந்து, "நீ இருக்கறதாலதான் நாங்க நிம்மதியா இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அம்மா இறந்து ஒன்றரை மாதம் ஆனதும் அண்ணன் போன் செய்தார்.

"அம்மாவும் போயாச்சு. இனிமே அந்த வீட்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது? வித்துடலாம். மூணு பேருக்கும் சமமா. தங்கச்சிகிட்டயும் பேசிட்டேன்."

"சரிண்ணா."

"நீ அங்கயே இருக்கே. நல்ல புரோக்கரா பாத்துப் பிடி. ஏமாந்துடாதே."

"சரிண்ணா."

நான் எங்கே போவேன் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அவள் பங்குக்கு வருவதை வைத்து அந்தத் தெருவில் ஒரு சமையலறைகூட வாங்க முடியாது. அண்ணன் கெட்டவர் இல்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். சரி சரி என்றே பழகிய ஆளிடம் யார் இரண்டாம் தடவை கேட்கப்போகிறார்கள்?

மூன்று புரோக்கர்களை வரவழைத்தாள்.

முதலாமவன் இஸ்திரி கலையாத சட்டை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே போனில் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டான். அம்மாவின் கட்டில் கிடந்த அறையைப் பார்த்து, "இந்தக் கட்டிலைத் தூக்கிடுங்க. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. நாப்பது நாள்ல முடிச்சுக் காட்டறேன்" என்றான். இரண்டாவது ஒரு கம்பெனியிலிருந்து வந்த பெண். சுவரைத் தட்டிப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், பத்திரத்தில் யார் யார் கையெழுத்து என்று கேட்டு எழுதிக்கொண்டாள். "விலையைச் சரியா வச்சா மூணு வாரம் போதும் மேடம்." மூன்று வாரத்தில் எங்கே போவது என்று அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

மூன்றாவது ஆளை அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாத்துடலாம்" என்பார். அவரிடம் கொடுத்த வீடு விற்காது, இடிந்துதான் விழும் என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். அறுபது வயது, ஒரு பழைய ஸ்கூட்டர், ரப்பர் பேண்ட் போட்ட டைரி. சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். ஹாலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். அறைகளைப் பார்க்கவில்லை. "நல்ல வீடும்மா" என்று மட்டும் சொன்னார்.

அவரையே பிடித்தாள். வேறு யாரிடமும் ஆறு மாதத்துக்குக் கொடுப்பதில்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அண்ணனிடம், "மூணு பேர்ல அவருக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி" என்றாள். அண்ணனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

நினைத்தபடியே நடந்தது. முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் மாதம் ஒரு கிழவர் வந்து, தப்பான தெருவுக்கு வந்துவிட்டதாகச் சொல்லிப் போனார். காலையில் கொக்கியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள், சாயங்காலம் திரும்பி வந்து தன் பூட்டைத் தானே திறப்பாள். அது போதுமாக இருந்தது.

மூன்றாம் மாதம்தான் அந்தத் தம்பதி வந்தார்கள். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, கணவன் பாங்கில் வேலை. அந்த அம்மாள் சமையலறை ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்தாள். எந்தச் சுவரில் அலமாரி வைக்கலாம் என்று கணவனிடம் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். வீட்டுக்காரி வாசலில் நிற்கும்போதே வீடு கைமாறிக்கொண்டிருந்தது.

"நீங்க தண்ணி ஆபீஸ்தானாமே? இங்க தண்ணி எப்படி?" என்று கேட்டான் கணவன்.

"கோடைல இந்தத் தெருவுக்குத் தண்ணி ஏறாது," என்றாள். "மூணு மாசம் லாரிதான்."

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்தது. தண்ணீர் ஆபீஸ்காரியே சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது? அவர்கள் முகம் தொங்கிப்போனது. வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்த நாளைக்கு, என்ன பேச்சு நடந்தது என்று கேட்காமலே டைரியை மூடிக்கொண்டு அவர்கள் பின்னால் போனார். அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

எதிர் வீட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்ள வருபவர்களிடம் "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திக் கத்தித் தெரு முழுக்க அவருக்குக் கிளட்ச் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாதாமாதம் மீட்டர் பார்க்கப் போகும்போது, "வாங்க மீட்டர், இந்த மாசமாவது முள்ளைப் பின்னாடி ஓட விடுங்க" என்பார். அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்ட ஆள் இல்லாத நாட்களில் கை வளையலைக் கழற்றி வைத்துவிட்டு ஓடி வந்தவள் அவர் மனைவிதான். அந்தக் குளிர்காலத்தில் வேலை மாற்றிக் கொடுத்து வேறு பகுதிக்கு அனுப்பியிருந்ததால் மீட்டரக்கா அந்த வீட்டுப் பக்கம் அதிகம் போகவில்லை. பயிற்சிக் கார் வாசலில் நிற்காததைப் பார்த்தாள். ரிப்பேருக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம் புரோக்கர் நாளைக்கு வந்தார். சொன்ன நேரத்துக்கு வந்தார். அதுவே அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். கோடைல தண்ணி ஏறாதுன்னு அந்த டீச்சரம்மாகிட்ட நீங்க சொன்னீங்களா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"உண்மையிலேயே ஏறாதா?"

"ஏறும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து டைரியை மடியில் வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நான் ஒண்ணும் முட்டாள் இல்லம்மா. மூணு பேர்ல என்னை எதுக்குப் பிடிச்சீங்கன்னு முதல் நாளே தெரியும். எனக்கு என்ன பேர் வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வருஷமா யாரும் கூப்பிடல. எதுக்காகக் கூப்பிட்டா என்ன, கூப்பிட்டாங்களேன்னு வந்தேன். உங்க வீட்டை நீங்க விக்காம இருங்க. அது உங்க பாடு. எதிர் வீட்டை எதுக்கும்மா விக்க விடாம பண்ணீங்க?"

"எதிர் வீடா?"

அப்போதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. கிளட்ச் சார் மனைவிக்குச் சர்க்கரை முற்றி இரண்டு கண்ணிலும் ரத்தம் கசிகிறது. ஆபரேஷனுக்காகக் காரை விற்றார். அது முதல் செலவுக்கே காணவில்லை. வீட்டையும் விற்க முடிவு செய்தார். இவள் வீட்டிலிருந்து கிளம்பிய அதே தம்பதியை அன்றைக்கே எதிர் வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார் நாளைக்கு. அவர்களுக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. லாரித் தண்ணீரில் சமாளித்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்து விலையும் பேசி முடித்தார்கள். முன்பணம் கொடுக்க வேண்டிய அன்று காலையில் மனசு மாறி, காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றுவிட்டார்கள். தண்ணீர் ஆபீஸ் அம்மாவே சொன்ன பிறகு எந்த நம்பிக்கையில் வாங்குவது? அந்தப் பேச்சு மற்ற புரோக்கர்கள் காதுக்கும் போய், இரண்டு மாதமாகத் தண்ணீர் வராத தெரு என்று யாரும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

"டாக்டர் நாள் கடத்தாதீங்கன்னு சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். "எனக்கே இன்னிக்குத்தான் காரணம் தெரிஞ்சுது. டீச்சரம்மாவுக்குப் போன் பண்ணி ஏன் வேண்டாம்னீங்கன்னு கேட்டேன். முதல்லயே கேட்டிருக்கணும். நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன்."

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் முன் அவள் தெருவைத் தாண்டினாள். பத்தடி தூரம்தான். கிளட்ச் சார் கதவைத் திறந்தார். கையில் கண் சொட்டு மருந்து இருந்தது. அவள் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டை விட்டுப் போக மனசில்லாமல் சொன்ன பொய் என்று சொன்னாள். நீங்களும் விற்கிறீர்கள் என்று தெரியாது என்றாள். அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு சின்னச் சமாதானம் என்று அவளுக்கே தெரிந்தது.

அவர் சொட்டு மருந்தின் மூடியைத் திருகினார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "யாருங்க அது?"

"யாரும் இல்ல," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அன்று ஆபீஸில் முறையாக எழுதிக் கொடுத்து, அந்தத் தெருவின் மூன்று வருஷத்துத் தண்ணீர்க் கணக்கை, கோடை மாதங்கள் உட்பட, முத்திரையோடு நகல் வாங்கினாள். ஏன் என்று கேட்ட மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை அவள் கோப்பில் சேர்த்தார். நகலைப் புரோக்கர் நாளைக்குவின் கையில் கொடுத்தாள். அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெயிலில் ஒவ்வொரு புரோக்கராகப் போய்க் காட்டினார். அந்தத் தம்பதி அதற்குள் வேறிடத்தில் வாங்கிவிட்டிருந்தார்கள். ஆறு வாரம் கழித்து ஒரு மருந்துக் கடைக்காரர், பேசியிருந்த விலையில் முக்கால் பங்குக்கு எதிர் வீட்டை வாங்கினார். ஆபரேஷன் நடந்தது. வலது கண் தப்பியது. இடது கண்ணுக்கு நேரம் கடந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அது உங்களால மட்டும்தான்னு சொல்ல முடியாதும்மா," என்றார் நாளைக்கு. "சீக்கிரம் பண்ணியிருந்தாலும் போயிருக்கலாம்."

"போகாமலும் இருந்திருக்கலாம்," என்றாள். அவர் டைரிக்கு ரப்பர் பேண்டை மாட்டினார்.

"என் வீட்டையும் முடிச்சுடுங்க," என்றாள் பிறகு.

இந்தத் தடவை அவர் எல்லா அறைகளையும் பார்த்தார். பின்கட்டில் ஓதம் ஏறிய சுவரை மறைக்க வேண்டாம், வருபவரிடம் முதலிலேயே காட்டுங்கள் என்றார். பத்தொன்பதாம் நாள் விலை படிந்தது. கம்பெனிப் பெண் சொன்னதைவிட இரண்டு நாள்தான் முந்தி. இத்தனை வருஷம் இந்த மனிதர் ஏன் இப்படி இருந்தார் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

பத்திரப் பதிவுக்கு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். மர பெஞ்சில் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மை ஒட்டிய கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டே தங்கை, "நீ எங்கக்கா போகப் போறே?" என்றாள். எட்டு மாதத்தில் அந்தக் கேள்வியை முதல் தடவையாக ஒருவர் கேட்டார்.

"ஊர்க் கோடில ஒரு ரூம் பாத்திருக்கேன். நாலாவது மாடி."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். புரோக்கர் அவரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "விக்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நாங்க என்ன அரக்கனுங்களா?"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேண்ணா."

அவர் தரையைப் பார்த்தார். அப்புறம் தன் பங்கிலிருந்து கொஞ்சம் அவள் பேருக்கு எழுதுவதாகச் சொன்னார். அவள் வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டவில்லை. வாங்கிக்கொண்டாள். மின்தூக்கி இல்லாத கட்டிடம். முழங்கால் இன்னும் எத்தனை வருஷம் ஏறும் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மாவின் கட்டிலைப் பழைய இரும்புக் கடைக்காரன் எடுத்துப் போனான். சாவியைப் புது வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு இரண்டு பைகளோடு பஸ் ஏறினாள்.

கிளட்ச் சார் இப்போது மூன்று பஸ் ஸ்டாப் தள்ளி வாடகை வீட்டில் இருக்கிறார், வேறு யாருடைய பள்ளியிலோ வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டரக்கா அங்கே போவாள். முதல் தடவை அவர் கதவைத் திறந்ததும் திரும்பி உள்ளே போய்விட்டார். மனைவிதான், "நிக்காதே, உள்ள வா" என்றாள். அந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும். மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அரிசியில் கல் பொறுக்கக் கண் போதவில்லை என்றாள். மீட்டரக்கா முறத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பொறுக்க ஆரம்பித்தாள். கிளட்ச் சார் பக்கத்து அறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.