புளி போட்டுத் தேய்த்த கிராங்க் ஷாஃப்ட்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் ஓல்டு டவுனில் பாஷா பாய் ஒர்க்‌ஷாப்பில் பயபக்தியோடு ஒரு தெர்மோகோல் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஐஸுக்கு நடுவில் கிராங்க் ஷாஃப்ட் இருந்திருக்க வேண்டும்.

இருந்தது வஞ்சிரம்.

பாஷா பாய் மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இத எந்தப் பக்கம் சார் மாட்டறது?" என்றார்.

என் மச்சான் ராஜவேலு, அதாவது என் மனைவியின் தம்பி, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பாவம், உட்காராமல் என்ன செய்வான்?

அவனிடம் ஒரு பழைய மோட்டோகிராஸ் பைக் இருக்கிறது. புதுச்சேரியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனது. மோட்டோகிராஸ் என்றால் மேடு, பள்ளம், சேறு, மணல் என்று தாவித் தாவி ஓட்டுகிற பந்தய வண்டி. ஹெட்லைட் கிடையாது. ஹாரன் கிடையாது. நம்பர் பிளேட் கிடையாது. ரோட்டில் ஓட்டக் கூடாது. ஆனால் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்கும் எங்கள் ஊரில் ரோடு எது, பந்தயத் திடல் எது என்று யார் கண்டார்கள்?

பிரச்னை அதுவல்ல. வண்டி ஓடவே இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், ஆயில் சொட்டிக்கொண்டு நின்றது. அவன் மனைவி தமிழ்ச்செல்வி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"அண்ணே, நீங்கதான் சாட்சி. வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள இது ஓடணும். இல்லன்னா திங்கக்கெழம பழைய இரும்புக்காரன வரச் சொல்லிட்டேன்."

ராஜவேலு பாஷா பாயிடம் ஓடினான். என்ஜினைப் பிரித்ததில் கிராங்க் ஷாஃப்ட் போயிருந்தது. பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கிறது அல்லவா, அந்தக் குதியைச் சுழற்சியாக மாற்றித் தருகிற சமாசாரம் அது. இரண்டு கனமான இரும்புச் சக்கரம், நடுவில் ஒரு பின், அதில் ஆடும் கனெக்டிங் ராடு. நட்டு, போல்ட்டு எதுவும் கிடையாது. பிரஸ்ஸில் வைத்து அழுத்திச் சேர்ப்பதுதான். பாஷா பாய் புது ராடு, புது பேரிங் போட்டு அழுத்தினார். துளி கோணல்கூட இருக்கக் கூடாதென்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதும், செம்புச் சுத்தியால் தட்டுவதும், மறுபடி பார்ப்பதுமாக வாரம் முழுக்க உயிரை விட்டார்.

"இத அப்படியே ஃப்ரீசர்ல வைங்க சார். ராவு முழுக்கக் குளிரட்டும். நாளைக்கு நான் என்ஜின் கேஸ, அதான் வெளிக்கூட்ட, சூடு பண்றேன். இது சுருங்கும், அது விரியும். வெண்ணெ மாதிரி உக்காந்துடும்."

தமிழ்ச்செல்வியிடம் கேட்டோம். "எங்க அம்மா சீரா குடுத்த ஃப்ரிட்ஜ்ல இரும்ப வெக்கறதா?" என்றாள். சரி, என் வீட்டு ஃப்ரிட்ஜ். ஆனால் கரண்ட்? பக்கத்தில் நெய்வேலி. ஊருக்கெல்லாம் அங்கிருந்து கரண்ட் போகிறது. எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மட்டும் வெந்நீர் கிடைக்கும்.

கடைசியில் தேவனாம்பட்டினம் கலைமணி கைகொடுத்தார். மீன் வியாபாரி, ராஜவேலுவின் சிநேகிதர். கிராங்கை ஆயில் தடவி, பாலிதீன் பையில் சுற்றி, ஐஸும் உப்புமாகப் பெட்டிக்குள் புதைத்துவிட்டார். கடுங்குளிர். அதுவரை எல்லாம் சரி.

ஞாயிறுதோறும் சிதம்பரம் பஸ்ஸில் கலைமணி இன்னொரு பெட்டியும் ஏற்றுவார். அண்ணாமலை நகரில் இருக்கும் ராஜவேலுவின் மாமியாருக்கு மாப்பிள்ளை அனுப்புகிற மீன். அன்றைக்குப் பெட்டி மாறிவிட்டது.

"ரெண்டும் ஒரே கனமா இருந்துச்சு மச்சான்!" என்று போனில் ராஜவேலுவிடம் அழாத குறையாகச் சொன்னார் கலைமணி.

அடித்துப் பிடித்துச் சிதம்பரம் போனோம். மாமியார் வாசலிலேயே நின்றார், முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மாப்ள. எதுக்கு இவ்ளோ செலவு? இடியாப்ப மெஷின்தானே? கைப்புடி ஆடும்போதே நெனச்சேன். என்னா, ஒரே எண்ணெப் பிசுக்கு, கவுச்சி வேற. புளியும் சாம்பலும் போட்டு நல்லா தேய்ச்சி வெயில்ல வெச்சிருக்கேன்."

மொட்டை மாடியில், வடகத்துக்குப் பக்கத்தில், எங்கள் கிராங்க் ஷாஃப்ட் பூஜைக்கு வைத்த குத்துவிளக்காட்டம் மின்னியது. ராஜவேலு கனெக்டிங் ராடைத் தொட்டுச் சுற்றினான். உள்ளே நறநறவென்றது. பேரிங் முழுக்கச் சாம்பல். கைப்பிடியைச் சரிபண்ணித் தருகிறோம் என்று அந்த அம்மாவிடம் சொல்லித் தூக்கிக்கொண்டு வந்தோம்.

பாஷா பாய் காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்தார். "மறுபடி பிரிக்கணும் சார். பேரிங் மெட்ராஸ்லேர்ந்து வரணும்."

ஞாயிறு முடிந்தது. ராஜவேலு சாப்பிடவில்லை. வண்டியின் டேங்க்கைத் தடவியபடி உட்கார்ந்திருந்தான். எனக்கே தாங்கவில்லை.

இங்கேதான் என் மனைவி உள்ளே வருகிறாள். இத்தனை நாளாக அந்த வண்டியை ஏறிட்டும் பார்க்காதவள், தம்பி சாப்பிடவில்லை என்றதும் போனை எடுத்துவிட்டாள். மங்கலம்பேட்டை சித்தி முதல் அத்தனை சொந்தத்துக்கும் செய்தி போனது. "எல்லாம் ரெடியாதான் இருந்துச்சு சித்தி. சம்பந்தியம்மா புளி போட்டுத் தேய்ச்சாங்க... போச்சு!"

திங்கட்கிழமை காலை பழைய இரும்புக்காரர் தராசோடு வந்தார். வாசலை மறித்து நின்றாள் தமிழ்ச்செல்வி. எந்தச் சித்தி போட்டுக் கொடுத்தாரோ, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வண்டி எடைக்குப் போவாது. நீ போய்ட்டு வாப்பா."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்க அம்மா தொட்டதால வண்டி கெட்டுப்போச்சின்னு ஒருத்தி வாயிலயும் வரக் கூடாது அண்ணே. இது ஓடும். ஓடியே ஆவணும்!"

அதற்கப்புறம் நடந்ததை நான் வேடிக்கைதான் பார்த்தேன். பாஷா பாய் தொழுகைக்குப் போய்த் திரும்பினால் ஒர்க்‌ஷாப் வாசலில் தமிழ்ச்செல்வி. டீ குடித்துவிட்டு வந்தால் தமிழ்ச்செல்வி. பேரிங் மெட்ராஸிலிருந்து பறந்து வந்தது. ஐஸ் பெட்டியை யாரையும் நம்பி விடாமல் தன் மடியிலேயே வைத்து ஆட்டோவில் வந்தாள். என்ஜின் கேஸ் சூடானது எங்கே தெரியுமா? அவள் வீட்டு கேஸ் அடுப்பில், தோசைக்கல் மேல்!

போன ஞாயிறு தேவனாம்பட்டினம் மணலில் ராஜவேலு கிக்கரை உதைத்தான். உதைத்தான், உதைத்தான்... சட்டென்று பிடித்துக்கொண்டு அலறியது வண்டி. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். ராஜவேலு அழுதேவிட்டான். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

தமிழ்ச்செல்வி செல்போனை சைலன்சர் பக்கம் நீட்டிக்கொண்டு கத்தினாள். "கேக்குதாம்மா? நல்லா கேக்குதா?"

எனக்குப் பக்கத்தில் நின்ற என் மனைவி, "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இல்ல?" என்றாள்.

ஆசைப்பட்டு ஒருவன் வாங்கிய பொருளை நம் வீடுகளில் யாரும் காப்பாற்ற மாட்டார்கள். அதில் பிறந்த வீட்டு மானம் போய் மாட்டிக்கொண்டால்... அப்புறம் அதை அழிக்க யாராலும் முடியாது.

எங்கள் வீட்டு மிக்ஸி கொஞ்ச நாளாக ஓடவில்லை. என் மாமியார் கையால் ஒரு தடவை கழுவி வாங்கிவிடலாமா என்று பார்க்கிறேன்.