டேப் நின்ற பின்

ஞாயிறு காலை ஒன்பது பத்து. ராஜபாளையத்தில் எங்கள் முன்னறை ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, எதிர்வீட்டு வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி. அங்கே காதுகுத்து. குழாயின் வாய் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோயம்புத்தூரில் மில் வேலையில் இருந்தபோது அப்பா மார்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார். ஊர் திரும்பிய பின் வாரந்தோறும் அப்பா தலைமையில் எங்கள் முன்னறையில் பத்துப் பேர் கூடினோம். மேளம் கிடையாது, கைதட்டல் கிடையாது. அப்பமும் தண்ணீரும் கை மாறும்போது இருமலைக்கூட அடக்கிக்கொள்வோம். பாட்டுக்கு டேப்பில் ஒரு கேசட். அதில் பியானோ மட்டும். தமிழாக்கிய வரிகள் அந்த மெட்டுக்குள் அடங்கவில்லை. ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஓரிரு எழுத்தை விழுங்கினோம்.

அம்மா கல்யாணத்துக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு சபையின் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவர். இங்கே கேசட்டுக்கு வாயசைத்தார். ஒரு ஞாயிறாவது தன்னைப் பாட விடும்படி அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று பாட்டுக்கு நடுவே, அப்பத்தைப் பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பியானோ இழுத்து இழுத்து நின்றது. எதிர்வீட்டில் ஜெனரேட்டர், சினிமாப் பாட்டு நிற்கவில்லை. பியானோ விட்ட இடத்திலிருந்து அம்மா எடுத்தார், மெட்டைக் கொஞ்சம் வளைத்து, வேகம் கூட்டி. முதல்முறையாகச் சொற்கள் முழுசாக வெளியே வந்தன. நாங்களும் சேர்ந்துகொண்டோம். அடுத்த சரணத்தில் அம்மாவின் கை தொடையில் தாளம் தட்டியது.

அப்பா கையைத் தூக்கினார். "ஏட்டி, நிறுத்து. இது என்ன கச்சேரியா?"

அப்பம் பிட்டுக்கொண்டிருந்தவர் ஊர் திரும்பி அப்பா சேர்ந்த மில்லில் ஃபிட்டர். "அண்ணாச்சி, அக்கா பாடவுந்தான் எனக்கு அர்த்தமே வெளங்குச்சு" என்றார்.

"நீரு பிட்கிற வேலையப் பாரும்."

பாட்டு பாதியில் நின்றது. ஃபிட்டர் முழங்காலிட்டு அப்பத்துக்கான ஜெபத்தை வாசித்தார். அதில் ஒரு சொல் தவறினாலும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்பது முறை. வெளியே அடித்த டிரம்ஸ் அவர் நாக்கை இழுத்துக்கொண்டு போனது. ஒரு சொல் விட்டுப்போயிற்று. புத்தகத்தில் கண் வைத்திருந்த அப்பா இல்லையென்று தலையை ஆட்டினார். மறுபடி. அதிலும் தப்பு. மூன்றாம் முறைதான் தலை ஆடவில்லை.

அப்பத் தட்டு கை மாறியது. எல்லோரும் தலைகுனிந்து அமைதி காத்தோம். எதிர்வீட்டுப் பாட்டின் ஒரு வரிகூட என் காதுக்குத் தப்பவில்லை.

எல்லோரும் போன பிறகு அம்மா கேட்டார்: "எதுத்த வீட்டுப் பாட்டு உள்ள வரலாம், எம் பாட்டு வரக்கூடாது. அப்படித்தான?"

"அது வெளிய கெடக்க சத்தம். அத நான் நிறுத்த ஏலுமா?"

"என்னைய நிறுத்த ஏலும். நிறுத்திட்டிய."

அப்பா டேப்பின் பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அதில் புது பேட்டரி போட்டிருந்தது.