வெர்லனின் அரைத் தோள்

என் புருஷன் வெர்லன் அமெரிக்காவில், துல்சா நகரத்தில் லாரி மெக்கானிக். பதினாறு வருஷமாகச் சட்டைக்குள், வலது இடுப்பில் ஒரு குட்டித் துப்பாக்கி. "வச்சிருக்கறதே தெரியலடி, அவ்வளவு லேசு!" என்று பீற்றிக்கொள்வான். ஒருநாளும் அதை உருவ வேண்டி வரவில்லை. ஆனால் கட்டிப்பிடித்தால் இடித்துக் காட்டிக்கொடுத்துவிடுமாம். அதனால் யாராக இருந்தாலும் வலது இடுப்பைப் பின்னால் இழுத்து, இடது தோளை மட்டும் கொடுப்பான். என் அம்மாவைப் புதைத்த அன்றும் எனக்கு அந்த அரைத் தோள்தான்.

"அந்தச் சனியனைக் கழட்டிட்டு வாய்யா!" என்று கத்தினேன்.

"ஆபத்து சொல்லிட்டா வரும்?" என்றான்.

மாரடைப்பும் சொல்லிவிட்டு வரவில்லை. அவனைப் புதைத்த அன்று மகள் கெய்லின், தன் வலது இடுப்பை ஒதுக்கி, இடது தோளால் என்னை அணைத்தாள்.

"நீயுமாடி?" என்று அவள் இடுப்பைத் தடவினேன்.

துப்பாக்கி இல்லை. அவளுக்குக் கட்டிப்பிடிக்கத் தெரிந்ததே அவ்வளவுதான்.