ஒரு கட்டு காய்ந்த மிலாறு

ஈரத் தோலைத் தீயில் வாட்டும்போது ஒரு வாசனை வரும். மயிர் கருகும் வாடையும் மழை மண்ணின் வாடையும் கலந்ததுபோல் இருக்கும் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் ஏழு வயதில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், விடிவதற்கு முன்பே அந்த வாசனை எங்கள் சன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். வெளியே காத்தான் குச்சிகளைக் கொளுத்தித் 'தப்பு' என்னும் பறையைக் காய்ச்சிக்கொண்டிருப்பார். தோல் விறைத்து, விரலால் சுண்டினால் கிண்ணென்று சொல்லும் பதம் வந்ததும், அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறி நின்று அடிப்பார். அந்தச் சத்தத்தில்தான் தொழிலாளர் குடியிருந்த ஆறு லயங்களும் எழும்பும். தேத்தண்ணி குடித்து, ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் 'பெரட்டு'க்களத்துக்கு ஓடும். பிந்தி வந்தவர்களுக்கு வேலை கிடையாது. திரும்பிப் போக வேண்டியதுதான்.

என் அப்பா அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. லயங்களுக்கும் களத்துக்கும் நடுவில் எங்கள் வீடு இருந்தது. காத்தானின் மனைவி அஞ்சலை எங்கள் வாசலைக் கூட்டுவார். ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து ஒருவரும் எங்கள் வாசற்படிக்கு மேல் வந்ததில்லை. எங்கள் வீட்டில் காத்தான் 'அவன்'. இப்போது நான் 'அவர்' என்று எழுதுகிறேன். அதனால் எதுவும் சரியாகிவிட்டது என்று நினைக்கவில்லை. அவருக்கு 'இழுப்பு' இருந்தது. மேட்டில் ஏறினால் மூச்சு விசில் அடிக்கும். அதனால்தான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அவரை மலை வேலைக்கு அனுப்பாமல், தப்படித்துவிட்டுக் களத்தையும் மருந்துக் காம்பராவையும் கூட்டும் இலேசான வேலையில் வைத்திருந்தார். அந்த வேலை இருந்ததால்தான் அந்த நெஞ்சோடு அவரால் ஒரு குடும்பத்தை நடத்த முடிந்தது.

எங்கள் வீட்டில் யார் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு காரணம் இருந்தது; லயத்தில் யார் எதைச் செய்தாலும் அதற்கு அவர்களே காரணமாக இருந்தார்கள். அப்பா சம்பள நாளில் சாராயம் குடிப்பார். அதற்கு எங்கள் வீட்டில் 'குளிருக்கு' என்று பெயர். அதே போத்தல் லயத்துக்குள் போனால் 'குடி'. அம்மா பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது சத்தம் போட்டால் அவருக்குத் தலைவலி. கீழ் லயத்துப் பெண் பதிலுக்குச் சத்தம் போட்டால் திமிர். நான் கணக்கில் பிழைவிட்டால் விளக்கில் வெளிச்சம் போதவில்லை. காத்தானின் மகள் பாக்கியம் பிழைவிட்டால், "அதுக்கு மண்டையில என்ன இருக்கு" என்பார் அம்மா. அவர் கல்மனம் கொண்டவர் அல்ல; இரண்டு பிள்ளைகளைக் குளிருக்குப் பறிகொடுத்துவிட்டு, மிஞ்சிய என் ஒருவனைக் காப்பாற்றப் பாடுபட்டவர். இதோ பாருங்கள், அம்மாவுக்கு நான் காரணம் தேடத் தொடங்கிவிட்டேன்.

அந்த ஆண்டு ஆனி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, எனக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டியது. வேது பிடிக்கத் தண்ணீர் கொதிக்க வேண்டும், இரவெல்லாம் அறையில் கணப்பு வேண்டும். எங்கள் விறகு முழுவதும் சாரலில் ஊறிக் கிடந்தது. கவ்வாத்து வெட்டும்போது விழும் தேயிலைக் குச்சியை எங்கள் பக்கத்தில் 'மிலாறு' என்போம். காய்ந்த மிலாறு சட்டென்று பற்றி நின்று எரியும். அது யார் வீட்டில் இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும்.

"அஞ்சலை, ஒங்க வீட்டுல பரண்ல காஞ்ச மிலாறு வச்சிருக்கீங்களாமே, ஒரு கட்டுக் கொண்டா" என்றார்.

"இருக்கறதே ஒரு கட்டுத்தாங்கம்மா. அது தப்புக் காய்ச்ச வச்சிருக்கு" என்றார் அஞ்சலை, முற்றத்தில் மழையில் நின்றபடி.

"பிள்ளை இப்படிக் கெடக்கான், தப்பு பெருசா ஒனக்கு? ஒரு நாளைக்கு எப்படியாச்சும் சமாளிக்கச் சொல்லு."

அஞ்சலை கொண்டுவந்து கொடுத்தார், நனையாமல் இருக்கச் சாக்கில் சுற்றி. கம்பளிக்குள் சுருண்டபடி நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிரவு எங்கள் அறை இதமாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் மாறி மாறி விழித்திருந்து, விடியும் நேரத்தில் இருவருமே அயர்ந்துபோனார்கள்.

இருமலில் விழித்தபோது எங்கோ மேட்டில் ஒரு சத்தம் கேட்டது. நனைந்த சாக்கை யாரோ கம்பால் அடிப்பது போல, தொப், தொப் என்று. மழை இரைச்சலில் அது பத்தடி தூரம்கூடப் போயிருக்காது. எனக்குக் கேட்டது எங்கள் வீடு மேட்டுக்குக் கீழே இருந்ததால்தான். நான் மறுபடி தூங்கிவிட்டேன்.

நன்றாக விடிந்த பிறகுதான் அப்பா பதறி எழுந்து, கோட்டுப் பொத்தானைத் தவறாக மாட்டிக்கொண்டு ஓடினார். களத்தில் அப்பாவுக்கு மேலதிகாரியான கண்டாக்கையா குடைபிடித்துக்கொண்டு நின்றாராம். ஆட்கள் ஒரு கைப்பிடி. மற்றவர்களை வரவர விரட்டிவிட்டார். வெறுங்கூடையோடு மழையில் திரும்பிப் போனவர்களை நான் சன்னலில் நின்று எண்ணினேன். நாற்பத்திரண்டு பேர். எண்ணுகிற பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது.

ஒரே காலையில் எல்லோரும் பிந்தினார்கள். அதற்கு அப்பா சொன்ன காரணங்கள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறின. அவர் பிந்தியதற்கு வீட்டில், "பிள்ளைக்குக் காச்சல்" என்றார். கண்டாக்கையாவிடம், "தப்புச் சத்தம் கேக்கலைங்க" என்றார். அதே தப்புக் கேட்கவில்லை என்று சொன்ன ஆட்களிடம், "ஏன், சேவல் கூவலையா? சோம்பேறிக் கழுதைங்களா!" என்றார். காத்தானைப் பற்றி யாரும் கேட்பதற்கு முன்னமே சொல்லிவிட்டார்: "குடிச்சிட்டுக் கவுந்து கெடந்திருப்பான்."

மறுநாள் மழை சற்று விட்டது. காய்ச்சல் தணிந்திருந்த என்னை, மருந்துக் காம்பராவில் காட்டுவதற்காக அப்பா கையோடு அழைத்துப் போனார். வழியில் களத்தில் துரையே வந்து நின்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பேரும் அதற்கான கூலியும் இழந்த ஆட்கள் கோபத்தோடு சுற்றி நின்றார்கள்.

"தப்பு ஏன் அடிக்கயில்லை?" என்று துரை தன் தமிழில் கேட்டார்.

"இவன் எங்கிட்டு அடிச்சான்? போத்தலைத்தான் அடிச்சிருப்பான்!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுக்க, களம் சிரித்தது.

காத்தான் தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். விறகு எந்த வீட்டு அடுப்பில் எரிந்தது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றே அவரைத் தப்பு வேலையிலிருந்து நீக்கிக் 'கான்' வெட்டும் கூட்டத்தில் சேர்த்தார்கள். தேயிலை நிரைகளுக்கு நடுவே தண்ணீர் ஓட இடுப்பளவுக்கு வாய்க்கால் தோண்டும் வேலை. நெஞ்சில் இழுப்புள்ளவர் இரண்டு வருடம் கான் வெட்டினார். மூன்றாம் வருட மழையை அவர் பார்க்கவில்லை. தப்புக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டொன்றைத் தொங்கவிட்டு அடித்தார்கள். அதற்கு விறகு தேவையில்லை.

நான் படித்து ஆசிரியனானேன். முப்பத்து நான்கு வருடம் கணக்குக் கற்றுக்கொடுத்தேன். பரிசளிப்பு விழாக்களிலும் பிரியாவிடைக் கூட்டங்களிலும் என்னைப் பேசச் சொன்னால் காத்தானின் கதையைத்தான் சொல்வேன். 'உண்மை தெரிந்தும், ஒரு தாயைச் சபையில் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட பெரிய மனிதர்' என்று முடிப்பேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலில் பாதி எனக்கு என்று எனக்குத் தெரியும். என் வீட்டுத் தவறை நானே சொல்கிறேன் அல்லவா. அதே பாடசாலையில், லயத்துப் பிள்ளைகள் பிந்தி வந்தால் வாசலில் முழங்காலில் நிறுத்தினேன். ஏன் பிந்தினாய் என்று கேட்டதுண்டு. பதிலுக்குக் காத்திருந்ததாக நினைவில்லை.

போன தை மாதம் ராகலையில், என் பழைய மாணவன் வீட்டுக் கலியாணத்துக்குப் போயிருந்தேன். இரண்டு பஸ் மாறிப் போனதில் முழங்கால் வீங்கி, ஒரு மூலையில் பிளாஸ்டிக் கதிரையைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அம்மாள் என்னையே பார்த்துவிட்டு, "நீங்க அக்கரப்பத்தனையில கணக்கப்பிள்ளை வீட்டுச் சின்னையாதானே?" என்றார். காத்தானின் மகள் பாக்கியம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மாப்பிள்ளைக்குப் பாட்டி முறை.

அறுபது வருடத்துக்கு மேலாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லக் கிடைத்த சந்தர்ப்பம் என்று எனக்குத் தோன்றியது.

"உங்க அப்பா மாதிரி ஒரு மனுசனை நான் பார்த்ததே இல்லைம்மா. விறகு எங்க போச்சுன்னு தெரிஞ்சும், அத்தனை பேர் முன்னால ஒரு வார்த்தை பேசாம நின்னாரே" என்றேன். என் குரல் தழுதழுத்தது. மேடைகளில் அந்த இடத்தில் அப்படித் தழுதழுத்து அதற்குப் பழகியிருந்தது.

பாக்கியம் மெல்வதை நிறுத்தினார்.

"யாரு, எங்கப்பாவா? பேசாம நின்னாரா?" என்று சிரித்தார். "அட நீங்க வேற! எங்கப்பா வாய மூடிக்கிட்டு நின்ன நாளே கெடையாது. அதுக்காகவே எங்கம்மாகிட்ட தெனமும் வாங்கிக் கட்டிக்குவாரு."

"அன்னைக்கு..."

"அன்னைக்குந்தான் சொன்னாரு. நானும் அம்மாவும் அங்கதானே நின்னோம். 'வெறகு கணக்கப்பிள்ளை ஐயா வீட்டுக்குப் போயிருச்சுங்க தொரை, பச்சைத் தோல வச்சுத்தான் அடிச்சேன், கேக்கல'ன்னு மூணு தரம் சொன்னாரு. ஒங்கப்பா, 'பாத்தீங்களா தொரை, இன்னும் போதை தெளியல'ன்னாரு. அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க." அவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். "நீங்களுந்தான் சிரிச்சீங்க. கம்பளியப் போத்திக்கிட்டு, ஒங்கப்பா கையப் புடிச்சுக்கிட்டு."

அப்படி இருக்காது என்று சொல்ல வாயெடுத்து, ஏழு வயதுக்காரன் ஒன்பது வயதுக்காரியிடம் எதை வைத்து வாதாடுவது என்று மூடிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது.

"சே, அத விடுங்க. சின்னப் பிள்ளை நீங்க. காச்சல் வேற. பெரியவங்க அம்புட்டுப் பேரும் சிரிக்கிறப்ப பிள்ளை என்ன செய்யும்? அதுவும் சிரிக்கும்" என்றார். பிறகு, "சாப்பிட்டீங்களா? பந்தி முடியப்போகுதுங்க" என்று எழுந்து போனார்.

ஒரே மூச்சில் அவர் எனக்கு மூன்று காரணங்களைக் கொடுத்துவிட்டார்: வயது, காய்ச்சல், கூட்டம். அவருடைய தகப்பனுக்கு அன்று ஒருவரும் ஒரு காரணத்தைத் தேடவில்லை. அவரே எடுத்து முன்னால் வைத்தும் வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு நான் அவரைப் பேசாதவராக ஆக்கினேன். அவர் பேசாமல் நின்றிருந்தால்தான் அவர் பெரிய மனிதர். அவர் சொல்லியிருந்தால், கேட்டுக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். மிலாறு எங்கள் அடுப்பில் எரிந்தது தெரிந்தவன். என் பெருந்தன்மைக் கதையில் அவர் வாயை அடைத்தவன் நான்தான் என்று இப்போது படுகிறது. வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் நான் எனக்குக் கொடுத்துக்கொள்ளும் காரணம்தான்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரன் என் தோளில் சாய்ந்து தூங்கினான். குடித்திருக்கிறான் என்று நினைத்து, தோளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கந்தப்பளைக்குப் பக்கத்தில் அவன் விழித்து, "மன்னிச்சுக்கங்க பெரியவரே, நேத்து ராத்திரியிலேருந்து கரட் மூட்டை ஏத்துறோம்" என்றான். அவனிடம் எந்த வாடையும் இல்லை. கைகளில் செம்மண் காய்ந்திருந்தது.

அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். பெரட்டுக்களம் இருந்த இடத்தில் வாகனம் நிறுத்துகிறார்கள். காலையில் சங்கு ஊதுகிறது. மேட்டைப் பாதைக்காக வெட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அத்திவாரம் மட்டும். காத்தானின் லயத்தில் கூரைத் தகரம் புதிது, சுவர் பழையது. இளைஞர்களிடம் தப்படித்து ஆளெழுப்பிய கதையைச் சொன்னால், கையிலிருக்கும் போனைக் காட்டிச் சிரிக்கிறார்கள். அப்பா இல்லை, அம்மா இல்லை, துரை எந்த நாட்டில் முடிந்தாரோ தெரியாது. அன்று களத்தில் சிரித்தவர்களில் எனக்குத் தெரிந்து உயிரோடிருப்பவன் நான் ஒருவன்.

பாக்கியத்தின் பேரன் அவருடைய தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்த மழைக்காலத்தைப் பற்றி அவரிடம் இன்னும் கேட்க வேண்டும். வேறு எதையெல்லாம் நான் மாற்றி வைத்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் போனைக் கையில் எடுக்கிறேன். இன்று அவர் வயலில் இருப்பார், இன்று அவருக்கு வெள்ளிக்கிழமைப் பூசை இருக்கும் என்று சொல்லிக்கொண்டு வைத்துவிடுகிறேன்.