அம்மா கோர்ட்டில் நின்ற பின்னேரம்

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, பள்ளிக்கூட அலுவலகத்தின் ஹீற்றரில் யாருடையவோ கம்பளிக் கையுறைகள் காய்ந்து ஈரநாற்றம் வீசிக்கொண்டிருந்தபோது, அந்த வாரம்தான் வேலைக்கு வந்திருந்த செயலாளர் என்னிடம், கூட்டிப்போக வந்து நிற்பவரின் பெயர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. வந்தவர் டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் பத்தாம் மாடியில் இருப்பவர், ஆகவே எனக்கு அவர் "பத்தாம் மாடி அன்ரி". பெரியவர்களைப் பெயர் சொல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அதற்கு மேல் தெரிய வழியில்லை. நேற்று வந்தவர் யார் என்று கேட்டபோதும் "அன்ரி" என்றேன். அதற்கு முதல் நாள் வந்தவர், வேறொரு அன்ரி. செயலாளரின் முகம் மாறியது.

அம்மா இலவச சட்ட உதவி நிலையமொன்றில் வழக்கறிஞர். எண்பத்துமூன்றாம் ஆண்டு இனக்கலவரத்துக்கு முன்பே கனடாவுக்கு வந்து, இங்கே மறுபடி படித்துத் தேறியவர் என்பதால், கலவரத்துக்குப் பிறகு வந்திறங்கிய சனத்துக்கெல்லாம் அவர்தான் "லோயர் அக்கா". ஞாயிற்றுக்கிழமைகளில் "ஒரு சின்ன விஷயம் அக்கா" என்று கதவைத் தட்டுவார்கள். அந்தச் சின்ன விஷயம் முடிவதற்குள் அம்மாவின் சோறு ஆறிப்போகும். அவர்கள் கொண்டுவரும் பழப்பையைக்கூட அம்மா வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் அப்படி உதவி பெற்ற பெண்கள் தங்களுக்குள் பேசி, முறைவைத்து என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தார்கள். அப்பாவுக்கு ரெக்ஸ்டேல் தொழிற்சாலையில் பின்னேர வேலை. இந்த ஓர் உதவியை மட்டும் அம்மாவால் மறுக்க முடியவில்லை.

செயலாளர் அன்ரியிடமே பெயரையும் அடையாள அட்டையையும் கேட்டார். அன்ரியின் அகதி விண்ணப்பம் அப்போது முடிவாகியிருக்கவில்லை. எந்த அலுவலகத்திலும் பெயரைக் கொடுத்தால் தீங்கு வரும் என்று நம்பியிருந்தவர், வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால், கோர்ட்டில் நிற்கிறார், கூப்பிட முடியாது, வெளியே வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். சிறுவர் நலத்துறை ஒரு தாயிடமிருந்து எடுத்துச் சென்ற இரண்டு பிள்ளைகளை மீட்கிற வழக்கு அன்று. பள்ளி பூட்டும்வரை யாரும் வராவிட்டால் சிறுவர் நலத்துறைக்கு அறிவிக்கவேண்டும் என்று செயலாளர் மெதுவாகச் சொன்னார். அவர் கெட்டவரல்ல, எனக்கு பிஸ்கற் தந்தார். ஆனால் அந்தத் துறையை எனக்குத் தெரியும். "கொண்டு போனாப் பிறகு திருப்பி எடுக்கிறது லேசில்லை" என்று அம்மா யாருக்கோ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். மிச்சப் பிஸ்கற்றைக் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

நீங்கள் போகலாம் என்று அன்ரிக்குக் கதவைக் காட்டினார்கள். அவர் போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை, உவ எங்களைத் தின்னமாட்டா. நான் இதிலதான் இருக்கிறன்."

கொஞ்ச நேரம் போக, அவருக்கே எரிச்சல் வந்தது. "ஊரார்ற பிள்ளையள் எங்கை எங்கை நிக்குதெண்டு உங்கட அம்மாவுக்குத் தெரியும். தன்ர பிள்ளை நிக்கிற இடந்தான் தெரியாது" என்று முணுமுணுத்துவிட்டு, என் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டார்.

இப்போது நான் அஜின்கோர்ட் பகுதியில் குடியிருக்கிறேன். மகள் பஸ்ஸால் இறங்கிச் செய்தி அனுப்பப் பிந்தினால் மறுபடி மறுபடி அவளை அழைக்கத் தொடங்கிவிடுவேன். "அம்மா, ரிலாக்ஸ்" என்பாள். என் அம்மா போன வருடம் காலமானார். சட்ட உதவி நிலையம் இருந்த இடத்தில் கைபேசிக் கடை. எங்கள் பழைய அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது, ஆனால் முறைவைத்துப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெண்கள் அங்கே இல்லை. இருந்தாலும் என் மகளை அவர்களோடு விடுவேனோ தெரியாது. அவ்வளவு பேரை நம்ப எனக்குத் துணிவில்லை.

அன்று, யன்னலுக்கு வெளியே இருட்டி, துப்புரவுக்காரர் மற்ற அறைகளைப் பூட்டத் தொடங்கி, செயலாளர் மறுபடி தொலைபேசியைக் கையில் எடுத்த நேரத்தில் அம்மா வந்தார். பூட்ஸ் முழுக்கப் பனி. நீதிபதிகளோடு வாதாடுகிறவர் இந்தச் செயலாளரைச் சும்மா விடமாட்டார் என்று நினைத்தேன். "நீங்கள் செய்தது சரி" என்று மட்டும் அவரிடம் சொன்னார்.

"அங்கை என்ன மாதிரி, அக்கா?" என்று அன்ரி கேட்டார்.

"பிள்ளையள் நாளைக்கு வீட்டை வருகினம்."

சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலியொன்றில் கோட்டோடு உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். என்னைத் தொடவில்லை, தொடக்கூடப் பலமில்லை என்று இப்போது விளங்குகிறது. அன்ரி எழுந்து என் ஜாக்கெற்றின் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, "வாங்கோ பிள்ளை, வீட்டை போவம்" என்றார்.

அம்மா கண்ணைத் திறக்காமலே அன்ரியிடம் சொன்னார்:

"யோகேஸ்வரி அக்கா, என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ."