வலப்பக்கத்தில் வந்த சைக்கிள்

கீரிமலையிலிருந்து சாவகச்சேரிச் சந்தை வரை ஓடுவேன் என்று நான் சபையில் அறிவித்தபோது, என் கால்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. புற்றுநோய் ஆய்வுக்கு ஒரு நுணுக்குக்காட்டி, அதாவது மைக்ராஸ்கோப், வாங்க நிதி சேர்ப்பதற்காகப் பாடசாலை மண்டபத்தில் கூடியிருந்தோம். பேச்சின் உச்சத்தில் மரதன் ஓட்டமொன்றை முன்மொழிந்தேன்.

"ஆர் ஓடுறது? நீரோ?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

சிரிப்பு அடங்குமுன் "நானே" என்றேன். விவாத மேடையில் வளர்ந்தவனுக்கு மறுமொழி தாமதிப்பதே தோல்வி.

முதலில் அக்காவிடம் சொன்னேன். என் பேச்சுப் பயிற்சிகளுக்கெல்லாம் நேரம் பார்த்து மணி அடித்தவள் அவள். ஒரு மணி என்றால் ஒரு நிமிடம் மிச்சம். இரண்டு மணி என்றால் வாயை மூடு. கொழும்பில் மார்பில் சத்திரசிகிச்சை செய்து அவள் வீடு திரும்பி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அந்த நோயின் பெயரை எவரும் உச்சரிப்பதில்லை. அம்மாவுக்கு அது "வருத்தம்". ஊருக்கு வயிற்றுக் கோளாறு. அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடியலில் அக்கா தன் சைக்கிளை எடுத்தாள். வீதியின் இடது ஓரத்தில் நான். என் வலப்பக்கத்தில் அவள். புகையிலைத் தோட்டங்களுக்கு நீர் பாய்ந்துகொண்டிருந்தது. நிதி கேட்டு ஊர் ஊராக ஆற்றவிருந்த உரையை ஓடியபடியே ஒப்பித்தேன். அரைக் கட்டைத் தூரம், அரை மைல், தாண்டுமுன் விலாவில் பிடித்துக்கொண்டது. சைக்கிள் மணி இரண்டு முறை ஒலித்தது.

"வாய் ஓடுற ஓட்டத்துக்குக் கால் வரேல்லை, தம்பி. கதையாமல் ஓடு."

"கதையாமல் ஓடினால் அலுக்கும், அக்கா."

"அப்ப நான் கதைக்கிறன். ஒருநாளைக்கெண்டாலும் நீ கேள்."

மயக்க மருந்து கொடுக்குமுன் எண்ணச் சொன்னார்களாம். ஏழோடு நினைவு போய்விட்டதாம். கண் விழித்ததும் "எட்டு" என்றாளாம். நான் சிரித்து நின்றுவிட்டேன். உடனே மணி அடித்தாள். அம்மாவிடமும் சொல்லாதவற்றை, விடியல்தோறும் என் மூச்சிரைப்பின் மறைவில் சொன்னாள்.

"எனக்குப் பயமாக் கிடக்கு, தம்பி. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"ஓம்" என்றேன். பேசப் பழகியவன் கேட்கப் பழகியது அந்த மூன்று வாரங்களில்தான்.

பின்னர் எங்கள் ஊர் வாசிகசாலை முற்றத்தில் நிதிக் கூட்டம் நடந்தது. ஆட்கள் கொட்டாவி விட்டார்கள், சிலர் எழுந்தார்கள். சபை கைவிட்டுப் போவதை என் செருக்குப் பொறுக்கவில்லை.

"இந்த நோய் எங்கோ தொலைவில் இல்லை. என் உடன்பிறந்தவளின் மார்பில் இருந்தது. 'எனக்குப் பயமாக் கிடக்கு' என்று அவள் என்னிடம் சொன்னாள்!"

எழுந்தவர்கள் அமர்ந்தார்கள். பிறகு கரவொலி எழுந்தது. அதுபோன்றதொரு கரவொலியை நான் அதற்குமுன் பெற்றதில்லை. அது ஓய்ந்தபோதுதான், பெண்கள் பக்கத்தில் அக்கா இருந்த இடம் வெறுமையாகியிருந்ததைக் கண்டேன்.

"நல்லாப் பேசினியாம்" என்றார் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி. "மாப்பிள்ளை பகுதி இனி வராது."

மறுநாள் விடியலில் சைக்கிள் சுவரோடு சாய்ந்தே நின்றது.

"அக்கா, வாங்கோவன்."

"உனக்கு மணி கேக்கிறேல்லை. நீ போ, தம்பி."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வாதாடியிருப்பேன்.

குறித்த நாளில் முழுத் தூரத்தையும் ஓடினேன். நுணுக்குக்காட்டியும் வந்தது. மாலையிட்டார்கள், சில வார்த்தைகள் பேசச் சொன்னார்கள். முதன்முறையாக மறுத்தேன். அடுத்த ஆண்டு அக்கா லண்டனில் இருந்த சித்தியிடம் போனாள். வருத்தம் திரும்பவில்லை. மாதமொரு கடிதம் வருகிறது: பனி, பஸ், கடையில் கண்ட முருங்கைக்காய். பயம் பற்றி ஒரு வரியும் இல்லை.

இன்றும் விடியலில் ஓடுகிறேன், பேசாமல். பின்னால் சைக்கிள் மணி கேட்கிறது. மயிலிட்டியிலிருந்து மீன் கொண்டுவருபவர்தான் என்று தெரியும். தெரிந்தும், வலப்பக்கம் திரும்பிவிடுகிறேன்.